தலையிடி என்று நான் சொன்னவை

எங்கள் ஊரில் ஒருவரின் முகம் வாடியிருந்தால் “என்ன செய்யுது?” என்றுதான் கேட்பார்கள். உடம்புக்கு என்ன என்று அர்த்தம். பதிலும் உடம்பிலிருந்துதான் வரும். தலையிடிக்குது, வயிறு கொதிக்குது, நெஞ்சுக்குள்ள ஏதோ பிசையுது. நான் வளர்ந்த வீட்டில் வேறு கேள்வியும் இருக்கவில்லை, வேறு பதிலும் இருக்கவில்லை.

எனக்கு ஏழு வயதில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பி வரவில்லை. சண்டை நடந்த அந்த நாட்களில் வாவிக்கரையில் பல வீடுகளில் அப்படித்தான். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வருடத்திலிருந்து அம்மாவின் வயிற்றுக்குள் ஒரு கல் கிடந்தது. அப்படித்தான் அவர் சொல்வார். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்புவார்கள். அம்மா இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போவார். சாகும்வரை அதைக் கல் என்றே சொன்னார். நானும் கல் என்றே நம்பினேன்.

இருபத்து நாலு வயதில் எனக்குக் கலியாணம் நடந்தது. அவர் கிரான் ஊர் ஆள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓடுவார். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கட்டியவன் பெட்டியோடு வந்து குடியிருப்பான். அவரும் அப்படி வந்தார். வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரையில், தண்ணீரிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் வீடு.

அவரைப் போல ஒரு ஆம்பிளையை நான் அதற்கு முன் கண்டதில்லை. வேலை முடிந்து வந்தால் முகம் கழுவ முன்னமே தொடங்கிவிடுவார். “இண்டைக்குச் சரியான கவலை புள்ள. நம்மட வான்ல வாற அந்தச் சின்னப் பிள்ளைட தாய் வெளிநாடு போயிட்டாவாம். ஒரு சத்தமும் போடாம மூலைக்குள்ள குந்திட்டு வருது.” சில நாட்களில் வாசலிலேயே நின்று, “உன்னப் பாக்கோணும் போல இருந்திச்சு, அதான் வேளைக்கு வந்திட்டன்” என்பார். நான் தேத்தண்ணி போடப் போவேன். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

“உனக்குச் சந்தோசமா?” என்று கேட்பார்.

“ஓம்.”

“எப்பிடிச் சந்தோசம்?”

“தெரியா.”

அவர் சிரிப்பார். தொடக்கத்தில் சிரித்தார்.

நான் டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தேன். முதலாளி காத்தான்குடிக்காரர். டொக்டர் எழுதிய துண்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது என்று இப்போது சொல்ல முடிகிறது. அப்போது யாரும் கேட்டிருந்தால் கால் உளையாத வேலை என்றுதான் சொல்லியிருப்பேன்.

மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது இரண்டாவது பிள்ளை வயிற்றில் வந்தது. ஏழாம் மாதம் அசைவு நின்றுபோனது. வெட்டித்தான் எடுத்தார்கள். ஆம்பிளைப் பிள்ளை. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து காட்டினார்கள். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்து அழுதார். பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண், எங்களுக்கு ஒரு சொந்தமும் இல்லாதவள், அவளும் அழுதாள். எனக்குத் தலை இடித்தது. பிடரியில் தொடங்கி, கண்ணுக்குப் பின்னால் வந்து நின்று இடித்தது. தாதி வந்து கையைப் பிடித்தபோது, “மிஸ், தலையிடிக்குது, ஏதும் குளிசை தாங்க” என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி, பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அவரும் அவருடைய அக்காவின் புருசனும் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

வெட்டிய நோவுக்கு ஆஸ்பத்திரியில் தந்த குளிசை கொஞ்சம் கடுமையானது. போட்டு அரை மணித்தியாலத்தில், நனைந்த சாக்கை யாரோ என் மேலிருந்து தூக்கி எடுத்தது போல இருந்தது. நோவு மட்டுமா போனது? எனக்குள் கிடந்த, எனக்கே பெயர் தெரியாத ஏதோ ஒன்று, என்னவென்று ஒருவரும் கேட்காமலே எழும்பிப் போனது. காயம் ஆறியது. வேலைக்குத் திரும்பினேன். அதே குளிசைகள் எனக்குப் பின்னால் இருந்த தட்டில், கை எட்டுகிற இடத்தில் இருந்தன.

ஆரம்பத்தில் கிழமைக்கு ஒன்று. அவர் வர நேரம் பிந்தினால் எனக்குள் ஏதோ குடையும், ஒன்று போடுவேன். மழைக்கு வாவி பெருகி வாசல்வரை வந்தால் ஒன்று. மகள் பேச்சுப் போட்டியில் முதலாவதாக வந்த அன்றைக்கும் போட்டேன். அவள் மேடையில் நின்றபோது என் நெஞ்சு படபடவென்று அடித்தது. சந்தோசம் என்று எனக்குத் தெரியவில்லை, ஏதோ வருத்தம் தொடங்குகிறது என்று நினைத்துக் கைப்பையைத் திறந்தேன். பிறகு காரணமே தேவைப்படவில்லை. அரிசி வாளிக்குள், தையல் பெட்டிக்குள், மகளின் பழைய சப்பாத்துக்குள் எல்லாம் ஒளித்து வைத்தேன். யார் என்ன கேட்டாலும் தலையிடி. நான் பொய் சொல்லவில்லை. எனக்கு உண்மையாகவே தலை இடித்தது.

ஏழு வருடம் இப்படிப் போனது.

மகள் பெரிய பிள்ளையான அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. காலையில் இரண்டு போட்டுவிட்டுப் பாயில் கிடந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. போன் தலைமாட்டில்தான் கிடந்தது. அடிப்பது கேட்டது. வாவிக்கு அந்தப் பக்கத்தில், யாருடையதோ ஒரு வீட்டில் அடிப்பது போலக் கேட்டது. நின்றது. திரும்ப அடித்தது. எழும்ப வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு டீச்சரையும் ஏற்றிக்கொண்டு அவரே வானில் மகளைக் கூட்டிவந்தார். தாய்தான் இறக்க வேண்டும் என்று பிள்ளையை டீச்சரோடு வானுக்குள் இருக்க விட்டுவிட்டு உள்ளே வந்து என்னை எழுப்பிப் பார்த்தார். தோளைப் பிடித்து உலுக்கினார். என் வாயோரம் வீணி வடிந்துகொண்டிருந்ததாம். அந்த வெயிலுக்குள் மகள் வானிலேயே இருந்தாள். வெளியே அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

“அம்மாவுக்கு என்ன செய்யுது அப்பா?”

“தலையிடியாம் மகள்.”

கடைசியில் பக்கத்து வீட்டு அக்காதான் அவளைக் கைப்பிடித்து இறக்கி, உள்ளே கொண்டுவந்து, தண்ணி வார்த்து, மாற்றுச் சீலை கொடுத்தா. தாய் செய்கிற ஒன்றையும் நான் செய்யவில்லை. சில நாட்களுக்குப் பிறகு சடங்கு வைத்தோம். படங்களில் பட்டுச் சீலை கட்டிக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என் கண்கள் பாதி மூடியிருக்கின்றன.

கொஞ்ச நாளில் முதலாளி கண்டுபிடித்துவிட்டார். கடைக்குப் பின்னால் பெட்டிகள் அடுக்கும் அறையில் நான் தண்ணீர்ப் போத்தலோடு நின்றபோது உள்ளே வந்தார். என் கையைப் பார்த்தார். சத்தம் போடவில்லை.

“எத்தின காலமா தங்கச்சி?”

“தலையிடி முதலாளி.”

“தலையிடிக்கு ஆரும் இத எடுக்கிறல்ல எண்டு உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே சனத்துக்குச் சொல்லிக் குடுக்கிற.” கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். “நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன். ஆனா இனி இஞ்ச உங்கள வெச்சிருக்க ஏலா. வெச்சிருந்தா நானே உங்களுக்கு இதத் தந்த மாதிரி. எனக்கும் பொம்புளப் புள்ளைகள் இரிக்கி.”

ஆஸ்பத்திரியில் எந்த நாளில் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதித் தந்தார். பாலத்தால் வரும்போது அந்தத் துண்டை வாவிக்குள் போட்டேன். அடுத்த நாள் வேறு கடைக்குப் போனேன். எந்தக் கடையில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

வேலை போனதும், தையல் பெட்டிக்குள் குளிசை கிடப்பதும் அவருக்குத் தெரிந்த பிறகும் அவர் ஏசவில்லை. குளிசைகளைத் தேடி எடுத்துக் கிணற்றடியில் கரைத்து ஊற்றினார். நான் திரும்பக் கொண்டுவந்தேன். இப்படிப் பல தடவை. ஒரு நாள் மத்தியானம், சோறு போட்ட கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

“ஒண்டு கேக்கன். என்னில உனக்கு விருப்பமா, இல்லையா? இல்லையெண்டாலும் சொல்லு. கோவமெண்டாலும் சொல்லு. பதினாலு வருசமா நான்தான் கதைக்கன். ஏதாவது ஒண்டு சொல்லு புள்ள.”

வயிற்றிலிருந்து பெரிதாக ஒன்று கிளம்பித் தொண்டைவரை வந்தது. அது பயம். அவர் போய்விடுவார் என்ற பயம். இன்றைக்குத்தான் அதைப் பயம் என்று எழுதத் தெரிகிறது. அன்றைக்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, “தலை சுத்துது” என்றேன்.

அவர் எழும்பிக் கை கழுவினார். பிறகு அறைக்குள் போய் உடுப்புகளைப் பெட்டிக்குள் வைத்தார். மகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் போனாள். அப்பாவை வழியனுப்பப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் வானின் முன் சீற்றில் ஏறி, கதவைச் சாத்தினாள். எங்கள் ஊரில் புருசன் பெண்சாதி பிரிந்தால் ஆம்பிளை போவான், பிள்ளைகள் தாயோடு நிற்கும். என் வீட்டில் பிள்ளையும் போனாள். ஊரில் ஒருவருக்கும் அதை விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து கிரானுக்குப் போனேன். அவருடைய அக்கா, என் மச்சாள், வீட்டில்தான் இருவரும் இருந்தார்கள். அப்போது அறுவடைக் காலம். வயல் வட்டை முழுக்க மெசின் ஓடுகிற சத்தம். மகள் கிணற்றடியில் பள்ளிக்கூடச் சட்டையைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

“என்னோட கோவமா மகள்?”

“இல்லம்மா.” சட்டையைப் பிழிந்து உதறினாள். “தலையிடிக்குது.”

அவள் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமலே கேட்டாள்.

“உங்களிட்டக் குளிசை இருக்கா?”

பதின்மூன்று வயது. அவள் தலையில் ஒரு நோவும் இல்லை என்று இந்த உலகத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? கைப்பைக்குள் குளிசை இருந்தது. பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு “இல்ல மகள்” என்றேன். அவள் பையைப் பார்த்தாள். பிறகு சட்டையைக் கொடியில் போடப் போனாள்.

அடுத்த நாள் காலை நானாகவே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மனநலப் பிரிவில் வைத்துக்கொண்டார்கள். முதல் கிழமையைப் பற்றி எழுத அதிகம் இல்லை. எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. மூக்கும் கண்ணும் ஒழுகின. கொட்டாவி விட்டு விட்டுத் தாடை நோவெடுத்தது. அது குறைந்த பிறகு ஒரு டொக்டர் வந்து கதைக்கத் தொடங்கினா. சிங்களப் பிள்ளை, என்னைவிட வயது குறைவு. இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் தமிழ் படித்திருந்தா. மேசையில் ஒரு கொப்பி இருக்கும்; புதுச் சொல் கேட்டால் அதில் எழுதுவா.

“உள்ளே இப்போ என்ன இருக்கு?” என்று கேட்டா.

“தெரியா மிஸ். தொண்டையில அடைக்குது.”

“அதுக்கு என்ன பேர்?”

“தெரியா.”

“எனக்கும் தெரியாது,” என்று சிரித்தா. “ரெண்டு பேரும் தேடிப் பார்ப்போம்.” கொப்பியைத் திருப்பி என் பக்கம் வைத்தா. பயம், கோபம், வெட்கம் என்று பிள்ளை எழுத்தில் எழுதியிருந்தது. “இதிலே ஒரு சந்தேகம். கவலை இருக்கு, துக்கம் இருக்கு. ரெண்டும் ஒண்டா?”

“இல்ல மிஸ்.”

“என்ன வித்தியாசம்?”

எனக்குத் தெரிந்த பாசை. அவவுக்குத் தெரியாதது. ஆகவே யோசித்து யோசித்துச் சொன்னேன். “கவலை எண்டா, பிள்ளை படிக்கல்ல, மழை பெய்யல்ல, அப்பிடி எல்லாத்துக்கும் வரும் மிஸ். துக்கம் எண்டா அப்பிடியில்ல. ஆரும் செத்தாத்தான்.”

அவ எழுதிக்கொண்டே கேட்டா. “உங்களுக்கு யாரும் செத்தாங்களா?”

“இல்ல.”

அவ எழுதி முடித்தா. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது.

“ஓம். ஒரு ஆம்பிளப் பிள்ளை.”

அந்தக் கதிரையிலிருந்து நான் எழும்புவதற்குள் வெளியே காத்திருந்தவர்களின் நேரம் எல்லாம் போய்விட்டது. எட்டு வருடத்துக் கண்ணீர். அப்பாவுக்கும் சேர்த்து என்று நினைக்கிறேன். அவ மேசையைச் சுற்றி வந்து பக்கத்தில் இருந்தா. பிறகொரு நாள் தன் தமிழில் சொன்னா: “மனசுக்குள்ளே என்ன நடக்குது தெரியாத ஆள், அதை நிறுத்த மட்டும் வழி தேடுவாங்க. சிலர் குடி. நீங்க குளிசை. நிறையப் பேர் இப்படித்தான் இங்கே வாறாங்க. கெட்ட ஆள் இல்லை.”

வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மச்சாள் மகளைக் கூட்டிவந்தா. நான் இறால் கறி வைத்திருந்தேன். மகள் சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

“அண்டைக்கு ஸ்கூல்ல இருந்து போன் எடுத்தது உங்களுக்குக் கேட்டதா?”

பொய் சொல்லியிருக்கலாம். “கேட்டது” என்றேன்.

“கேட்டும் எழும்பல்லையா?”

“ஓம் மகள்.”

அவள் தலையை ஆட்டினாள். மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய்ப் படியில் இருந்தாள். கத்தியிருந்தால், கோப்பையைப் போட்டு உடைத்திருந்தால் எவ்வளவு நல்லது. பஸ் வரும்வரை அப்படியே இருந்தாள்.

அவரிடம் போக எனக்கு இன்னும் ஆறு மாதம் எடுத்தது. என்ன சொல்ல வேண்டும் என்று வீட்டில் தனியே சொல்லிப் பழகினேன். கிரானில் அவர் வானைக் கழுவிக்கொண்டு நின்றார். நரைத்திருந்தார். நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். உங்களில் எனக்கு விருப்பம், எப்போதும் விருப்பம், நீங்கள் போய்விடுவீர்கள் என்று பயந்துதான் அன்றைக்குத் தலை சுத்துது என்றேன், பிள்ளை செத்தது எனக்குத் துக்கம், அதைச் சொல்லத் தெரியவில்லை.

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார்.

“இதில ஒரு சொல்லு அண்டைக்கு ஆஸ்பத்திரியில சொல்லியிருந்தா...” என்று தொடங்கி நிறுத்தினார். கண்ணைத் துடைத்தார். “நான் தனியத்தான் அழுதன். வானை ரோட்டோரம் நிப்பாட்டிப்போட்டு அழுவன். வீட்டுக்கு வந்தா நீ சுகமாப் படுத்திருப்பாய். உனக்கு ஒண்டுமில்ல எண்டுதான் நான் நினைச்சன்.”

“இப்ப வாங்களன்.”

“எனக்கு உன்னில கோவமில்ல புள்ள.” வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். “களைச்சுப் போயிட்டன்.”

பிள்ளையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் ஊர்ச் சவக்காலையின் ஓரம், வாவித் தண்ணீர் ஏறி இறங்குகிற பக்கம். ஒரு பூவரச மரத்திலிருந்து எட்டு வைத்து நடந்து பார்த்தார். ஒரு இடத்தில் நின்றார். இரண்டு எட்டுத் தள்ளிப் போய் நின்றார். “வெள்ளம் வந்து மண் எல்லாம் மாறிப்போச்சு. இஞ்சதான். இல்லாட்டி அதில.” நான் இரண்டு இடத்துக்கும் நடுவில் குந்தி மண்ணில் கையை வைத்தேன். அவர் தூரத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்றார். இருட்ட முன்னம் என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார். உள்ளே வரவில்லை.

அதற்குப் பிறகு நாலு வருடம் போய்விட்டது. நான் இப்போது ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறேன். மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறேன். மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறாள். இடைக்கிடை இரண்டு நாள் வந்து நிற்பாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள்.

போன மாதம், வேலைக்கு வெளிக்கிடும் நேரம் மச்சாள் போன் எடுத்தா. கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தா. பிறகு சொன்னா.

“தம்பிக்கு மாங்கேணியில ஒரு இடத்தில கலியாணம் பேசுறம். அதுவும் புருசன் இல்லாத பிள்ளை. உன்னட்டக் கேக்காம ஒண்டும் செய்ய வேணாம் எண்டு தம்பி சொன்னவன். உனக்கு ஏதும் சொல்ல இருக்கா?”

போனைக் காதில் வைத்துக்கொண்டு கட்டிலில் இருந்தேன்.

“எனக்குத் துக்கமா இருக்கு மச்சாள்,” என்றேன்.

மச்சாள் அழுகிறாவா என்று தெரியவில்லை.

“செய்யச் சொல்லுங்க. நல்ல மனுசன். அவரோட ஆராவது கதைக்கோணும்.”

“சரி புள்ள,” என்றா.

அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. பகல் முழுக்க அழுதேன். குளிசை வேண்டும் போல இருந்தது. அதையும் தெரிந்துகொண்டே அழுதேன். அடுத்த நாள் விடியப் போய், பிள்ளைகளுக்கு இடியப்பம் அவித்தேன்.